மின்கம்பி உயரம் அளக்கும் மீட்டர்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

மனையை ஒட்டி எல்.டி. (வீடுகளுக்கு மின்சாரம் தரும் குறைந்த அழுத்த) லைனோ 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனோ போகிறது என்றால், அங்கே வேலை எடுக்கும் கான்ட்ராக்டருக்கு அஸ்திவாரத்துக்குக் குறி போடும் முன்பே இரண்டு எண்கள் தெரிந்தாக வேண்டும். கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கட்டப்போகும் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி. பெரும்பாலான இடங்களில் மேஸ்திரி அண்ணாந்து பார்த்து "இருபது அடி இருக்கும்" என்று சொல்வதோடு இந்த வேலை முடிந்துவிடுகிறது. அதைவிட மோசம், ஐந்து மீட்டர் அலுமினிய லெவலிங் ஸ்டாஃபை (சர்வே அளவுகோலை) நீட்டிக் கம்பிக்குக் கீழே பிடித்துப் பார்ப்பது. தெருவுக்கு வெளியே, வயல்வெளியிலும் காலி மனையிலும், 11 கே.வி. வெறும் கம்பிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச உயரமே 4.6 மீட்டர்தான். ஐந்து மீட்டர் அலுமினியம் அங்கே என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

இந்த வேலைக்கென்றே இருப்பது அல்ட்ராசானிக் கம்பி உயர மீட்டர். கையடக்கக் கருவி. அடியில் நின்று மேல்நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், ஒலி அலை கம்பியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். கம்பியைத் தொட வேண்டியதில்லை, லைனை ஆஃப் செய்ய வேண்டியதில்லை. இந்த வகையில் ஒன்று சூப்பரூல் நிறுவனத்தின் 600இ மாடல். ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் ஆறு கம்பிகள் வரை காட்டும். தடித்த கம்பியாக இருந்தால் 23 மீட்டர் உயரம் வரை எட்டும். எல்.டி. லைனில் நாலைந்து கம்பிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும் நம் ஊருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நமக்கு வேண்டியது அடிக் கம்பியின் உயரம். அதுதான் முதலில் திரையில் வரும்.

கருவியின் குறைகளையும் தெரிந்துகொண்டுதான் கையில் எடுக்க வேண்டும். ஒலியின் வேகம் காற்றின் சூட்டைப் பொறுத்து மாறும்: ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர். கருவியில் வெப்பநிலை சென்சார் இருக்கிறது, தானாகத் திருத்திக்கொள்ளும். ஆனால் ஏசி காரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் சென்சார் இன்னும் காரின் குளிரிலேயே இருக்கும். வெளியே 35 டிகிரி, கருவி 25 என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஆறு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும். கருவியை நிழலில், வெளிக்காற்றில் கால் மணி நேரமாவது வைத்துவிட்டு அளக்க வேண்டும். நேர்வெயிலில் வைத்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும்: கருவி காற்றைவிடச் சூடாகி, உயரத்தைக் கூட்டிச் சொல்லும். அதுதான் ஆபத்தான தவறு.

இரண்டாவது, கம்பிக்கு நேர் கீழே நிற்காமல் அளப்பது. ஆறு மீட்டர் உயரக் கம்பிக்கு ஒரு மீட்டர் விலகி நின்றால் சாய்வுத் தூரம் 6.08 வரும். ஆகவே ஒரே இடத்தில் நின்று மூன்று முறை அழுத்துவதில் பயனில்லை. லைனுக்குக் குறுக்கே அரை அடி அரை அடியாக முன்னும் பின்னும் நகர்ந்து அளந்துகொண்டே போக வேண்டும். எங்கே எண் மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் கம்பிக்கு நேர் கீழான இடம். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிடுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது, சத்தமும் இலையும். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடி ஜாக்ஹேமர் அடித்துக்கொண்டிருந்தால், காற்று கசியும் சத்தத்தில் அல்ட்ராசானிக் அலைகளும் கலந்திருக்கும், கருவி திணறும். தென்னை ஓலையோ முருங்கைக் கிளையோ அலையின் பாதையில் இருந்தால் அதன் உயரத்தைத்தான் சொல்லும். பலத்த காற்றிலும் மழையிலும் அளக்காமலிருப்பதே மேல்.

லேசர் மீட்டரே கையில் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். உள்வேலைக்கு வாங்கிய சாதாரண லேசர் இதற்கு உதவாது. பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில், ஆறு மீட்டர் உயரத்தில், வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. பட்டதா விலகியதா என்று சொல்ல முடியாது. கேமரா திரையும் சாய்வு சென்சாரும் உள்ள விலையுயர்ந்த மாடல்களை முக்காலியில் வைத்தால் வேலை நடக்கும்: லைக்கா டிஸ்டோ டி510 போன்றவற்றில் திரையில் பெரிதாக்கிக் குறிவைக்கலாம். போனில் கோணம் காட்டும் ஆப்பை வைத்துக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. பத்து மீட்டர் தள்ளி நின்று ஆறு மீட்டர் உயரக் கம்பியைப் பார்த்தால், ஒரு டிகிரி தவறு இருபது சென்டிமீட்டர் தவறாகிவிடும். தோராயம் தெரிய அது போதும், ஈ.பி.க்கு எழுதித் தரும் வரைபடத்துக்குப் போதாது.

நீட்டி மடக்கும் ஃபைபர் கிளாஸ் அளவுகோல் மூன்றாவது வகை. லைன்மேன்கள் மின்சாரம் ஓடும் கம்பியில் வேலை செய்யப் பயன்படுத்தும் ஹாட் ஸ்டிக் இனத்தைச் சேர்ந்தது. கம்பியைத் தொட்டே அளப்பதால் தவறு மிகக் குறைவு. ஆனால் அது மின்வாரிய ஆட்களுக்கான கருவி, கட்டுமான ஆட்களுக்கு அல்ல. ஈரமும் அழுக்கும் படிந்தால் ஃபைபர் கிளாஸின் மேற்பரப்பு வழியாகவே மின்சாரம் இறங்கும். அதனால்தான் அமெரிக்காவின் ஓஷா (பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) விதிகள் இத்தகைய கோல்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை பயன்பாட்டிலிருந்து விலக்கி ஆராயச் சொல்கின்றன. மாம்பழம் பறிக்க விற்கும் ஃபைபர் கோலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த எண்ணத்தில் யாரும் கையில் எடுக்கக் கூடாது.

மூன்றில் எதை எடுப்பது என்றால், சந்தேகமே இல்லாமல் அல்ட்ராசானிக். ஆனால் அது காட்டும் எண் சட்டம் கேட்கும் எண் அல்ல. வாங்குபவர்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010-ல் வந்து, 2023-ல் புதிதாக வெளியிடப்பட்டவை. கட்டடத்துக்கு மேலே போகும் எல்.டி. கம்பிக்குச் செங்குத்தாக 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கே.வி. லைனுக்கு 3.7 மீட்டரும் 1.2 மீட்டரும். 33 கே.வி. என்றால் பக்கவாட்டு இடைவெளி 2 மீட்டர். இதில் செங்குத்து அளவு கம்பி அதிகபட்சமாகத் தொய்ந்திருக்கும் நிலையில், பக்கவாட்டு அளவு காற்றில் அதிகபட்சமாக ஆடும் நிலையில். காலை ஏழு மணிக்கு, காற்றில்லாத நேரத்தில் மீட்டர் காட்டியது அந்த நிலை அல்ல.

வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? 11 கே.வி. லைன்களில் பரவலாக உள்ள ராபிட் ஏ.சி.எஸ்.ஆர். கம்பியை (நடுவில் எஃகு இழையுள்ள அலுமினியக் கம்பி) எடுத்துக்கொள்வோம். கம்பத்துக்குக் கம்பம் 60 மீட்டர், காலையில் தொய்வு 80 சென்டிமீட்டர். வெயிலும் லோடும் சேர்ந்து கம்பி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தொய்வு 1.2 மீட்டரைத் தாண்டும். காலையில் அளந்த உயரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும். பக்கவாட்டிலும் அப்படியே: 80 சென்டிமீட்டர் தொய்வுள்ள கம்பி காற்றில் 30 டிகிரி சாய்ந்தால் இடைக்கம்பத் தூரத்தின் நடுவில் 40 சென்டிமீட்டர் சுவர்ப்பக்கம் நகரும். அளந்தபோது சரியாக 1.2 மீட்டர் என்று வந்த பால்கனி, அந்த நேரத்தில் 80 சென்டிமீட்டர்தான். எனவே பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு, இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், தொய்வு அதிகமுள்ள இடத்தில் அளப்பது நல்லது. அதன் பிறகும் தொய்வுக்கும் ஆட்டத்துக்கும் தனியாக ஒரு கழிவு வைக்க வேண்டும்.

பக்கவாட்டு அளவை மீட்டர் நேரடியாகத் தராது. முன்பு போட்ட சுண்ணாம்புக் குறி இங்கேதான் கைகொடுக்கும். கட்டடத்தில் அதிகமாக வெளியே நீட்டியிருப்பது எது என்று பார்த்து, அது பால்கனியோ சன்ஷேடோ, அதன் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் இன்னொரு குறி போட்டு, இரண்டுக்கும் நடுவே தரையோடு தரையாக டேப் பிடிக்க வேண்டும். கட்டடம் இன்னும் எழவில்லை என்றால் பிளானில் உள்ள விளிம்பைத் தரையில் குறித்துக்கொள்ளலாம். மாடியிலிருந்து கம்பியை நோக்கி ஸ்டீல் டேப்பை நீட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

செங்குத்தாக 2.5 மீட்டர் இருந்தால் கம்பிக்கு அடியிலேயே கட்டலாம் என்று இதைப் படித்துக்கொள்பவர்கள் உண்டு. விதி சொல்வது வேறு: ஏற்கெனவே இருக்கும் லைனுக்குக் கீழே புதிய கட்டடம் கட்டக் கூடாது. லைனுக்கு அருகில் கட்டுவதானாலும், மாடி ஏற்றுவதானாலும், சாலையை உயர்த்துவதானாலும், உரிமையாளரும் கான்ட்ராக்டரும் மின்வாரியத்துக்கும் அரசு மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அளவு குறித்த வரைபடத்தோடு. அந்த வரைபடத்தில் சாரமும் இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. சாரம் சுவரைவிட ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நிற்கும், சுவருக்கு 1.8 மீட்டர் இருந்தும் சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்கு அரை மீட்டர்தான் மிஞ்சும் இடங்கள் ஏராளம். லைனை மாற்ற வேண்டியிருந்தால், ஆய்வாளர் சான்று தரும்வரை வேலையைத் தொடங்கவோ தொடரவோ முடியாது.

கம்பிக்கு பி.வி.சி. பைப் மாட்டிவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்ற பேச்சையும் இந்த இடத்தில் மதிப்பிட்டுவிடலாம். நீளவாக்கில் கீறிய பைப்பைக் கம்பியில் செருகுவது ஊரெங்கும் நடக்கிறது. கீறல் வழியே மழைநீர் இறங்கும், வெயிலில் பைப் நொறுங்கும், இத்தனை வோல்ட்டைத் தாங்கும் என்று யாரும் சோதித்துத் தந்ததில்லை. மேலே சொன்ன அறிவிப்பு விதி, உறை போட்ட கம்பி, வெறும் கம்பி இரண்டுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். எல்.டி. கம்பி இடைவெளி குறைவாகப் போக வேண்டுமானால் முறையாக இன்சுலேஷன் செய்து, 350 கிலோ இழுவை தாங்கும் எர்த் செய்த தாங்கு கம்பியில் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. குளியலறைக்கு வாங்கிய பைப்பில் மிச்சமானது அந்தக் கணக்கில் வராது. 11 கே.வி.க்கு மாட்டுவது வெறும் நம்பிக்கை மட்டுமே, அதுவும் ஆளைக் கொல்லும் நம்பிக்கை.

கட்டடம் விதிப்படி தள்ளி இருந்தாலும் வேலை நடக்கும்போது கம்பிக்குக் கிட்டே போவது சரக்குதான். டி.எம்.டி. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. முதல் மாடிக்கு அதைச் செங்குத்தாக நிறுத்தி மேலே இழுக்கும் பழக்கம் இருக்கும்வரை எந்த லைனும் அதற்கு எட்டும் தூரத்தில்தான். இடைவெளி விதி மீறப்படும் இடத்தில் இரும்புக் கம்பி, பைப் போன்றவற்றைக் கொண்டுபோவதென்றால், அதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பாளரின் நேரடிக் கண்காணிப்பில்தான் போக வேண்டும் என்கிறது விதி. லைனுக்கு அடியில் மண்ணோ ஜல்லியோ கொட்டுவதற்கும் தடை உண்டு. இரண்டு லோடு மண் குவிந்தால் தரை ஒன்றரை மீட்டர் உயர்கிறது, அதன் மேல் ஏறி நிற்பவருக்குக் கம்பி அவ்வளவு கிட்டே வருகிறது. மீட்டரை ஒருமுறை அளந்துவிட்டுப் பெட்டியில் வைக்காமல், மண் கொட்டிய பிறகும் தரை நிரவிய பிறகும் மறுபடி அளக்க வேண்டியது இதனால்தான்.

வாங்குவதா என்ற கேள்விக்கு: ஒற்றை வீடு கட்டுபவர் வாங்கும் கருவி அல்ல இது, இறக்குமதிச் சரக்கு, விலையும் அதற்கேற்ப. சர்வே கருவிகள் வாடகைக்கு விடும் கடையில் கேட்டு ஒரு நாளுக்கு எடுத்தால் போதும். லேஅவுட் போடுபவர், போர்வெல் ரிக் வைத்திருப்பவர், காங்கிரீட் பூம் பம்ப் ஓட்டுபவர் ஆகியோர் சொந்தமாக வைத்திருக்கலாம். அவர்களுக்குத் தினமும் வேறு லைன், வேறு உயரம். வாங்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள்: தளத்துக்குக் கீழே ஒரு நாலு மீட்டர் உயரத்தை டேப்பால் அளந்து வைத்து, அதே இடத்தில் மீட்டரை அழுத்தினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வாடகைக் கருவியானாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிட்டுத்தான் லைனுக்கு அடியில் போக வேண்டும்.

அளந்ததும் நோட்டில் எழுத வேண்டியவை: கம்ப எண்கள் இரண்டும், தேதி, மணி, அன்றைய வெப்பநிலை, எத்தனையாவது கம்பி, மிகக் குறைந்த எண், அது எந்தத் தரை மட்டத்திலிருந்து என்பது. தரை மட்டத்தைக் குறிக்காமல் விட்டால், மண் நிரவிய பிறகு அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. வரைபடத்தைப் பார்க்கும் மின்வாரியப் பொறியாளர் முதலில் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும்.