டிரிஞாவா, டிரிஞா செண்டிரியா?

மலாய், இந்தோனேசிய மொழிகளில் ‘தன்னை’ என்பதற்கு ‘டிரி’யே அடிப்படை. டிரிகு என்றால் என்னை, டிரிமு என்றால் உன்னை, டிரிஞா என்றால் தன்னை. இதோடு ‘தானே’, ‘சொந்த’ என்று பொருள்படும் ‘செண்டிரி’யை எப்போது சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

‘அலி தாஹு போலிசி மெஞ்சாரி டிரிஞா’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். போலீஸார் தன்னைத் தேடுவது அலிக்குத் தெரியும். இங்கே டிரிஞா, பக்கத்தில் நிற்கும் போலீஸாரைத் தாண்டி அலியிடம் போய்விடுகிறது. நம் ‘தன்னை’யும் இதே வாக்கியத்தில் அப்படித்தானே தாவுகிறது! ஆங்கிலம் வழியாக மலாய் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறலாம். தமிழருக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியில் ‘செண்டிரி’ சேர்த்தால் தாவல் நின்றுவிடும். போலீஸார் தங்களையே தேடுவதாகக் கேலியான பொருள் வரும். அருகிலுள்ள எழுவாயோடு கட்டிப்போட வேண்டுமென்றால் ‘டிரிஞா செண்டிரி’தான் பாதுகாப்பு.

அதற்காக எங்கும் அதையே போடுவது சரியல்ல. அறிமுகப்படுத்திக்கொள்வதற்கு ‘மெம்பெர்கெனால்கான் டிரி’, சரணடைவதற்கு ‘மெஞெராஹ்கான் டிரி’ என வெறும் டிரியே போதும். சவரம் செய்துகொள்ள அதுவும் வேண்டாம். ‘பெர்ச்சுக்குர்’ என்ற வினையிலேயே ‘தனக்குத் தானே’ என்பது அடங்கிவிடுகிறது.

செண்டிரி தனியாக வந்தால் வேறு கதை. ‘ரூமாஹ் செண்டிரி’ சொந்த வீடு. ‘சாயா செண்டிரி மெமாசாக்’ என்றால் நானேதான் சமைக்கிறேன்; ‘சாயா மெமாசாக் செண்டிரி’ என்றால் பிறர் உதவியின்றிச் சமைக்கிறேன்.