4,200 ரூவா கெய்கர் கவுண்டர் (கதிர்வீச்சு அளக்கற மெஷின்), ஆறு மாசம் வச்சிருந்தவன் சொல்றேன்

டிவில ராத்திரி பகலா போர் போர்னு ஓடிட்டிருந்த சமயம், அணுகுண்டு விழுந்தா எப்படித் தப்பிக்கறதுன்னு வீடியோ மேல வீடியோவா பாத்துட்டு, தூக்கம் வராம ரெண்டு மணிக்கு ஆர்டர் போட்டது இது. பிராண்ட் பேரு வேண்டாம், இந்த விலைல வர்றது எல்லாம் எனக்கு ஒரே டப்பா மாதிரிதான் தெரியுது. மேனுவல்னு ஒரு துண்டு பேப்பர், அதுவும் சீன மொழில. பேட்டரி மூடி ரெண்டாவது வாரமே லூஸ் ஆகி இப்ப செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்.

ஆனா மெஷின் வேலை செய்யுது, அதை மறைக்கக் கூடாது. வீட்டுக்குள்ள மணிக்கு 0.15 மைக்ரோ சீவெர்ட் பக்கம் காட்டும், சீவெர்ட்ங்கறது உடம்புல ஏறற கதிர்வீச்சோட அளவு, அதுல பத்து லட்சத்துல ஒண்ணு மைக்ரோ. நமக்கு ஊரு கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு பைக்ல அரை மணி நேரம், அங்க கறுப்பு மணல்ல மோனசைட்னு கதிர்வீச்சு உள்ள தாது கலந்து கிடக்கும்ல, அதுகிட்ட கொண்டு போய் வச்சதும் 2 தாண்டிருச்சு பாத்துக்கிடுங்க, கிர்ர்னு கிளிக் சத்தம். மோனசைட்ல இருக்கற தோரியத்தைத்தான் பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில்லயும் போடுவாங்க, அப்பா பரண்ல போட்டு வச்சிருந்த பாக்கெட்ட எடுத்து வச்சா அதுவும் கத்துச்சு. நடுவுல ஒரு செங்கல் வச்சேன், அடங்கிருச்சு. எனக்கு ஒரே பெருமை, வீட்டுச் சுவரே போதும்னு. அப்புறம் படிச்சுப் பாத்தா மேண்டில்ல இருந்து மெஷினுக்குள்ள இருக்கற டியூப் பிடிக்கறது பெரும்பாலும் பீட்டாங்கற வகை கதிர்வீச்சு, அது செங்கல்லுக்கே நின்னுரும், குண்டுச் சாம்பல்ல இருந்து வர்ற காமாங்கற வகை அப்படி நிக்காது, கான்கிரீட்டே ஆறு சென்டிமீட்டர் இருந்தாத்தான் பாதியா குறையும், இன்னொரு ஆறு வச்சா அதுல பாதி, இப்படி அடுக்கிட்டே போகணும்.

சரி, எதுக்கு வாங்கினேனோ அதுக்கு ஆகுமா? ஆகாது மக்கா. பின்னாடி பொடி எழுத்துல அதிகபட்சம் மணிக்கு 1000 மைக்ரோ சீவெர்ட்னு போட்டிருக்கான். குண்டு தரையோட தரையா வெடிச்சா மண்ணையும் கல்லையும் உறிஞ்சி மேல கொண்டு போயி அதுவே விஷச் சாம்பலா திரும்ப விழும், பலமா விழற இடத்துல முதல் சில மணி நேரம் மணிக்கு ஒரு சீவெர்ட்டுக்கு மேலயே போகலாம், அதாவது பத்து லட்சம் மைக்ரோ. சிகிச்சை இல்லாம நாலு சீவெர்ட் சுருக்க ஏறினா பாதிப் பேர் பிழைக்க மாட்டாங்க. அந்த நேரத்துல இந்த மெஷின் திக்குமுக்காடிப் போகும், சில டியூப் கதிர்வீச்சு ரொம்ப அதிகமானா குறைச்சலா, ஏன் ஜீரோன்னு கூடக் காட்டுமாம். அதை நம்பி எவனாவது வெளிய வந்தான்னா அவ்வளவுதான்.

1954 மார்ச் 1, பசிபிக் கடல்ல பிகினி தீவுல அமெரிக்கா 15 மெகாடன் குண்டு வெடிச்சப்ப, நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி மீன் பிடிச்சிட்டிருந்த ஜப்பான் படகு மேல வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்குல கொட்டிச்சு. படகுல 23 பேரு, என்னன்னு தெரியாம வெறுங்கையால அள்ளிருக்காங்க. அதே சாம்பல் விழுந்த ரோங்கெலாப் தீவுல பிள்ளைங்க அதுல விளையாடிருக்கு. படகோட ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா அந்த செப்டம்பர்லயே செத்துட்டாரு. அங்க யாருகிட்டயாவது மெஷின் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அதை விட, வானத்துல இருந்து மாவு மாதிரி கொட்டினா தொடாதே, உள்ள போன்னு ஒரு ஆளு சொல்லிருந்தா போதும்ல.

இதுக்கு செலவே இல்லாத கணக்கு ஒண்ணு இருக்கு. குண்டு வெடிச்சதுல இருந்து ஆன நேரம் ஏழு மடங்கு ஆனா கதிர்வீச்சு பத்துல ஒண்ணா குறையும். ஒரு மணி நேரத்துல 1000ன்னா, 7 மணி நேரத்துல 100, ரெண்டு நாள்ல 10, ரெண்டு வாரத்துல 1. அதனால முதல் நாள்தான் கண்டம், கட்டடத்துக்கு நடுவுல, வெளிச்சுவரும் கூரையும் தள்ளி இருக்கற ரூம்ல குறைஞ்சது 24 மணி நேரம் கிடக்கணும். எங்க வீடு ஓட்டு வீடு, அதனால பக்கத்து வீட்டு சித்தப்பாவோட மாடி வீட்ல கீழ் ஸ்டோர் ரூம்தான்னு முடிவு பண்ணிட்டேன், அவருக்கு இன்னும் சொல்லல. வெளிய மாட்டிக்கிட்டு வந்தா மேல் துணிய வாசல்லயே கழட்டிப் போட்டாலே பெரும்பகுதி போயிரும், அப்புறம் சோப்பு, ஷாம்பூ. கண்டிஷனர் மட்டும் போடக் கூடாது, அது தூசிய முடியோட ஒட்டி வச்சிரும். இது எனக்கே புதுசு.

மோனசைட் மணல், கிரானைட்டுன்னு சோதிச்சுப் பாக்க ஆசை இருக்கறவங்க, காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கறவங்க தாராளமா வாங்கலாம், 5க்கு 3. குண்டு பயத்துல வாங்கறதா இருந்தா அந்தக் காசுக்கு தண்ணி கேன், டார்ச், பேட்டரில ஓடற ரேடியோ வாங்கி வைங்க. எங்க அம்மா நேத்து இதை நெத்திலிக் கருவாட்டு மேல வச்சுப் பாத்தாங்க, 0.14 காட்டிச்சு, கடைக்காரன் ஏமாத்தலன்னு ஒரே சந்தோஷம்.