கிதாரைத் தரையில் அமர வைத்த கச்சேரி: சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு

ஜாஸ் இசையையும் நம் செவ்வியல் இசையையும் இணைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் தட்டுகள் பலவற்றில், மேற்கத்திய வாத்தியங்கள் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) அடுக்கித் தளம் போட்டுவிட, அதன்மேல் ஒரு வயலினோ தபலாவோ அலங்காரமாக வந்து போகும். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியில் பதிவாகி, 1976-இல் வெளிவந்த ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்’ அந்த வழியில் போகவில்லை. இதில் டிரம்ஸ் இல்லை, பேஸ் கிதார் இல்லை, பியானோ இல்லை. மின்கிதாரின் முழக்கத்துக்குப் பெயர்பெற்ற மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை நடத்திய ஆங்கிலேயக் கிதார் கலைஞர் மெக்லாஃப்லின், இங்கே ஒலி குறைந்த அக்கூஸ்டிக் கிதாரோடு மற்ற நால்வருடன் மேடைத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ராகமும் தாளமும் ஆளும் எல்லைக்குள் தாமே வந்து சேர்கிறார்.

அந்த நால்வர்: வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராமநாதபுரம் வி. ராகவன். கிதாருக்கும் கர்நாடக இசைக்கும் இடையிலான சந்திப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; இந்துஸ்தானித் தபலாவும் நம் மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில் ஒரே காலப்பிரமாணத்தை, அதாவது ஒரே தாள வேகத்தை, பகிர்ந்துகொண்டதும் அதற்கு இணையான சந்திப்பு என்றே நான் கருதுகிறேன்.

மெக்லாஃப்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையில் மெட்டுகளுக்கு (ஸ்வர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகளுக்கு) நடுவே தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல, அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பதுபோல, சாதாரணக் கிதாரில் செய்ய முடியாது. விரல் பலகையில் இடித்து நின்றுவிடும். ஆகவே சக்தி குழுவுக்காகக் கிப்சன் நிறுவனத்தோடு சேர்ந்து கிதார் தயாரிப்பாளர் ஏப் வெக்டர் செய்துகொடுத்த கிதாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட பலகையைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். ஆறு தந்திகளுக்குக் கீழே, சுருதிக்கென ஏழு தந்திகள் குறுக்காகக் கட்டப்பட்டிருந்தன. கற்பதற்குச் செலவிட்ட உழைப்பு வாத்தியத்தின் உடலையே மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறது என்பதே இந்தத் தட்டின்மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

மொத்தம் மூன்றே உருப்படிகள், ஏறத்தாழ 52 நிமிடம். 18 நிமிடம் நீளும் ‘ஜாய்’ தொடக்கத்திலேயே பாய்ந்துவிடுகிறது. வயலினும் கிதாரும் ஒரே சங்கதியை (ஸ்வரக் கோவையை) பிசகின்றி ஒன்றாக வாசித்துவிட்டு, பிறகு தனித்தனியே பிரிந்து விரிக்கின்றன. வியப்பூட்டும் வாசிப்புதான், ஆனால் வேகம் வேகத்துக்காகவே ஓடும் இடங்களும் இதில் உண்டு. ஒரு சங்கதி மனத்தில் படிவதற்குள் அடுத்தது வந்து அதை அழித்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தைக்கூட எட்டாத ‘லோட்டஸ் ஃபீட்’ இதற்கு நேர்மாறானது. எளிய மெட்டை அவசரமின்றி வாசித்து, அதைச் சுற்றி இடம் விட்டிருக்கிறார்கள். தட்டில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுவே.

மூன்றாவது உருப்படி 29 நிமிடம். ஆலாபனையின் நிதானத்தோடு விரியும் பகுதிகளில் சங்கர் ஒரே வில்லில் பல ஸ்வரங்களைக் குழைத்துக் கொண்டுபோகிறார். கிதாரோ, மீட்டிய நாதம் விரைவில் தேய்ந்துவிடுவதால், மறுபடி மறுபடி மீட்டித்தான் அந்த நீளத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பள்ளமாக்கிய பலகையும் இந்தக் குறையை முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. மெதுவான விளம்ப காலத்தில் வயலின் முந்திவிடுகிறது. துரித காலத்துக்கு வந்ததும் இருவரும் சமமாகிவிடுகிறார்கள். தாளக் கணக்கில் மெக்லாஃப்லின் தடுமாறுவதே இல்லை.

ஒலிப்பதிவைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தபலா தெளிவாக முன்னே நிற்க, மிருதங்கத்தையும் கடத்தையும் நெருக்கமான இடங்களில் பிரித்தறியக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராகவன் வாசித்த சக்தி தட்டு இது ஒன்றுதான், அடுத்த இரண்டில் குழு நால்வராகிவிட்டது என்பதால் அந்தக் குறை கூடுதலாகவே உறுத்துகிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் அடியோடு காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் அவசியம்.

கர்நாடகக் கச்சேரிகளில் ஊறிய காது உடையவர்கள் தட்டின் வரிசையை மாற்றி, ‘லோட்டஸ் ஃபீட்’டில் தொடங்கி மூன்றாவது உருப்படிக்குப் போய், ‘ஜாய்’யைக் கடைசியில் வைத்துக் கேட்கலாம். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.