பந்தயத்துக்குச் சைக்கிளை இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கிராஸ் கன்ட்ரி மலைச் சைக்கிள் பந்தயத்துக்காக வெளிநாடு போகிறவர்கள், அதுவும் முதல் தடவை போகிறவர்கள், "பேக்கிங், விமானம், திரும்ப மாட்டித் தருவது, பந்தய நாள் மெக்கானிக், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினேன். பதினோரு மாதம் பயிற்சி செய்து போன பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

அவர்கள் சொன்னது இதுதான்: சைக்கிள் கடினப் பெட்டியில் வரும், என் டிக்கெட்டிலேயே விளையாட்டு லக்கேஜாகப் பதிவாகும், முழு இன்ஷூரன்ஸ் உண்டு. லக்கேஜ் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் வாங்கினார்கள். ஆனால் விமான நிலையத்தில் செக்-இன் செய்யும்போது என் பெயரில் பெட்டியே இல்லை. போன் செய்தால், "உங்கள் சைக்கிள் முன்னாடியே போய்விட்டது, வியாழக்கிழமை உங்கள் அறைக்கு வந்துவிடும்" என்றார்கள். சரி, நல்லதுதான் என்று நினைத்துவிட்டேன். அங்கேயே நிறுத்தி, எந்த வழியில் போனது, யார் பெயரில் போனது என்று கேட்டிருக்க வேண்டும்.

வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை மாலை, தடத்தில் பயிற்சி நேரம் முடிந்த பிறகு வந்தது. கிராஸ் கன்ட்ரி ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று தெரியும். நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் சுற்று, அதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். பாறை இறக்கத்தில் எந்தக் கோட்டில் இறங்குவது, எந்த வேருக்கு முன்னால் கியரை மாற்றிவிட வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டி ஓட்டிப் பார்த்துத்தான் மனதில் பதித்துக்கொள்ள முடியும். நான் இரண்டு நாளும் தடத்தை நடந்து பார்த்தேன். நடக்கும்போது தெரியும் இறக்கம் வேறு, சைக்கிள் மேலிருந்து தெரியும் இறக்கம் வேறு.

வந்ததும் கடினப் பெட்டி இல்லை, அட்டைப் பெட்டி. ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டு ஃபோர்க்கின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைப்பார்கள், அது இல்லை. பிரேக் பேடுகளுக்கு நடுவிலும் தடுப்பு இல்லை. வழியில் எங்கோ லீவர் அழுந்தி, இரண்டு பேடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லியரைக் கழற்றாமல் அப்படியே திணித்திருந்தார்கள். பின்னால் நின்று பார்த்தாலே, டீரெய்லியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது தெரிந்தது. பின் பிரேக்கின் தட்டான ரோட்டரும் வளைந்து, சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை "ஸ்ஸ்" என்று உரசியது.

கொண்டுவந்தவர் அவசரப்படுத்தினார், நானும் பதற்றத்தில் அவர் நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "சேதத்துடன் பெறப்பட்டது" என்று எழுதவில்லை. இதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

அவர்களுடைய மெக்கானிக் வந்தார். ஹேங்கரை நேராக்கத் தனிக் கருவி இருக்கிறது, சக்கரத்தின் விளிம்போடு ஒப்பிட்டுப் பார்த்து நேராக்குவார்கள். இவர் டீரெய்லியர் போல்ட்டில் ஆலன் கீயைச் செருகி, கண்ணளவில் பார்த்து வெளியே இழுத்தார். "கொஞ்சம்தான் வளைந்திருக்கிறது, ஓடும்" என்றார். ஹேங்கர் என்பது வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தில் செய்யப்படும் துண்டு, அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாக அது வளைய வேண்டும் என்பதற்காக. ஒரு தடவை வளைந்து நிமிர்த்தியதை நம்பக்கூடாது. புது ஃபிரேம்களில் நிறைய இப்போது யூடிஹெச் என்ற பொது ஹேங்கர் வருகிறது, யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம். என் ஃபிரேம் பழையது, அதற்கென்று தனி ஹேங்கர். உதிரி ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அது வீட்டு மேசை டிராயரில் இருந்தது. "உதிரிகள் எங்களிடம் இருக்கும்" என்று அவர்கள் சொன்னதை நம்பி விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஸ்டாண்டில் மாட்டிப் பெடலைச் சுற்றினால் கியர் எல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தது. சுமையே இல்லாமல் சுற்றினால் விழத்தான் செய்யும். பந்தயத்தில் இரண்டாவது சுற்று, செங்குத்தான ஏற்றத்தின் நடுவில், பின்னால் ஆகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். "டக்" என்று ஒரு சத்தம். டீரெய்லியர் ஸ்போக்குகளுக்குள் போய்விட்டது. மூன்று ஸ்போக் அறுந்து, ஹேங்கர் இரண்டாக உடைந்து, சக்கரம் உருளவே இல்லை. வெளி உதவி வாங்க வேண்டுமென்றால் டெக்னிக்கல் ஜோன் என்று தடத்தில் ஒதுக்கிய இடத்தில்தான் வாங்க முடியும், தடத்தின் நடுவில் யாரும் தொடக்கூடாது. எனவே தூக்கிக்கொண்டு முன்னோக்கி நடந்தேன். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை.

ஜோனுக்குப் போனால் அங்கே எனக்கென்று யாருமே இல்லை. அந்த "பந்தய நாள் மெக்கானிக்" வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஜோனுக்குள் வர அடையாள அனுமதி அட்டை வேண்டும், அதற்கு நிறுவனம் விண்ணப்பிக்கவே இல்லை. என்னைப் போலவே பணம் கட்டிய இன்னொரு வீரரும் இதையேதான் சொன்னார். அவருக்கு பஞ்சர், கையில் எல்லாம் இருந்ததால் தானே சரிசெய்து ஓட்டி முடித்தார்.

இனி இன்ஷூரன்ஸ் கதை. மூன்று தடவை கேட்ட பிறகு ஒரு காகிதம் அனுப்பினார்கள். அது பாலிசி இல்லை, விமான நிறுவனத்தின் பொதுவான பொறுப்பு விதிகளின் நகல். கூடவே வந்த சரக்கு ரசீதைப் பார்த்ததும்தான் எல்லாம் விளங்கியது. அனுப்பியவர் அவர்கள், பெறுபவரும் அவர்கள், உள்ளே இருப்பது "பழைய விளையாட்டுப் பொருட்கள்". என் பெயர் எங்கேயும் இல்லை. லக்கேஜ் கட்டணம் வாங்கிக்கொண்டு, எல்லோருடைய சைக்கிளையும் சேர்த்து மொத்தமாகச் சரக்கில் போட்டிருக்கிறார்கள்.

லக்கேஜா சரக்கா என்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்குப் பெரும்பாலும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம்தான் பொருந்தும். அதன்படி செக்-இன் லக்கேஜுக்கு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் வரை விமான நிறுவனம் பொறுப்பு. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. செக்-இன் நேரத்தில் பொருளின் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் அந்த வரம்பை உயர்த்தவும் முடியும். சரக்குக்கோ கிலோவுக்கு 26 எஸ்டிஆர்தான். என் பெட்டி 19 கிலோ, கணக்குப் போட்டால் 494. ஒவ்வொரு கிராமாகக் குறைக்கத்தான் நாம் கார்பன் ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் அவ்வளவு செலவு செய்கிறோம், நஷ்ட ஈட்டை எடை போட்டுக் கொடுத்தால் நமக்கு என்ன மிஞ்சும்?

கெடுவும் இருக்கிறது. சேதத்தை எழுத்தில் தெரிவிக்க லக்கேஜுக்கு 7 நாள், சரக்குக்கு 14 நாள், இரண்டும் கையில் கிடைத்த நாளிலிருந்து. எதுவும் சொல்லாமல் பெற்றுக்கொண்டால், நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நான் போட்ட அந்தக் கையெழுத்து இங்கேதான் வந்து கடித்தது. சரக்கு அவர்கள் பெயரில் இருப்பதால் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். "கொடுத்துவிட்டோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று இரண்டு வாரம் என்னை ஓட்டினார்கள். பதினாறாம் நாள் விமான நிறுவனத்திடம் நானே விசாரித்தேன். அப்படி ஒரு புகாரே வரவில்லை என்றார்கள்.

நீங்கள் இப்படி ஒரு சேவையை எடுத்தே ஆக வேண்டுமென்றால், லக்கேஜா சரக்கா, யார் பெயரில், பாலிசி எண் என்ன, மெக்கானிக்குக்கு ஜோன் அனுமதி வாங்கியாயிற்றா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். பெட்டியை மூடும் முன் உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று படம் கேளுங்கள், பின் டீரெய்லியர் கழன்று துணி சுற்றி உள்ளே இருக்க வேண்டும், ரோட்டர்கள் தனியாக இருக்க வேண்டும். ஹேங்கரும் பேடும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 குப்பிகளை மட்டும் விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அதே பெட்டிகளோடு உங்கள் சைக்கிளும் போயிருந்தால், சரக்கு ரசீதின் நகலை அவர்களிடம் கேட்டு வாங்கி எனக்குச் செய்தி அனுப்புங்கள். இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். லக்கேஜ் கட்டணம் வாங்கியதற்கான ரசீது மூவரிடமும் இருக்கிறது, நுகர்வோர் புகாரில் அதைத்தான் முதலில் வைக்கப் போகிறோம்.