ஐந்தடி தூரத்துக்கு ஒரு லென்ஸ்: ஐயாவைப் படமெடுக்க வாங்கிய கேனன் 85 எஃப்/1.8

திருநெல்வேலி டவுனில், ரதவீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு முடுக்கில், வளவு வீடு ஒன்றில் இருக்கும் தமிழறிஞர் ஒருவரைப் படமெடுத்துத் தரவேண்டும் என்று அவருடைய பழைய மாணவர்கள் ஆடி மாதம் என்னிடம் வந்தார்கள். பவளவிழா மலருக்கு அட்டைப்படம், அப்புறம் சட்டம் போட்டு மாட்ட 12×18 அங்குலத்தில் ஒரு பிரிண்ட். ஐயாவின் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வீட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் எழுதப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கல்யாண வேலைதான் பழக்கம். மண்டபத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் படம் எடுக்கிறோம், அதில் எது தப்பினாலும் அடுத்தது இருக்கும். இது அப்படி இல்லை. பாரதிக்கு அசல் புகைப்படம் என்று நம் கையில் மிஞ்சியவை ஐந்துதான் என்பார்கள். அவர் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி இருக்கிற ஊரில் வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கு சின்ன வயதிலிருந்தே மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மனிதரின் முகம் எப்படி இருந்தது என்று ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் பார்க்கும்போது நான் எடுத்த படம்தான் அவருக்குக் கிடைக்கும் என்றால், என்ன லென்ஸ் போடுகிறேன் என்பதை நான் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

என்னிடம் இருந்தவை கேனன் 700டி கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ். (எம்எம் எண் கூடினால் லென்ஸ் குறுகலாக வெட்டி எடுக்கும், எஃப் எண் குறைந்தால் அதிகம் திறந்து கூடுதல் வெளிச்சம் வாங்கும்.) முதலில் வீட்டில் எங்கள் சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையும் தோளும் சட்டத்துக்குள் நிறைகிற மாதிரி ஒவ்வொன்றிலும் எடுத்துப் பார்த்தேன். 18-இல் அந்த அளவுக்கு நிறைய வேண்டுமானால் ஒன்றே முக்கால் அடிக்குள் போகவேண்டியிருக்கிறது. அவ்வளவு கிட்டே போனதும் மூக்கு வீங்கிக் காது பின்னால் ஒடுங்கிவிடும். 50-இல் நாலரை, ஐந்தடி தள்ளி நிற்கலாம், முகம் முகமாக இருக்கும். நிறையப் பேர் இதை லென்ஸின் குணம் என்று நினைக்கிறார்கள், அது தூரத்தின் குணம். எந்த லென்ஸ் போட்டாலும் ஐந்தடியில் நின்றால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் ஒன்றுதான். அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு எவ்வளவை வெட்டி எடுக்கிறது என்பதுதான் லென்ஸின் வேலை.

ஆகவே பணம் இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 700டி மாதிரி சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) கேமராவில் 50 எஃப்/1.8 போட்டால் 80 எம்எம் போல வேலை செய்யும், ஐந்தடியில் நல்ல முகம் கிடைக்கும், லென்ஸ் 160 கிராம்தான். மலருக்கு மட்டும் என்றால் நானும் அதோடு நிறுத்தியிருப்பேன். பெரிய பிரிண்டும் அந்த வீட்டின் இருட்டும்தான் என்னை மேலே யோசிக்க வைத்தன.

முதல் தடவை போனபோது வாடகைக்கு 70-200 எஃப்/2.8 எடுத்துக்கொண்டு போனேன். அது தப்பான முடிவு. ஒன்றரைக் கிலோ கனம், வெள்ளைக் குழாய், பார்த்தாலே ஆள் ஒடுங்கிப்போகிற உருவம். வளவு வீடுகளின் அமைப்பு தெரியும்தானே, தார்சா என்கிற முன் திண்ணை, பட்டாசல் என்கிற கூடம், அப்புறம் ரெண்டாங்கட்டு என்று நீளமாகப் போகுமே தவிர அகலம் கிடையாது. 200-இல் வைத்தால் பதினெட்டு, இருபது அடி தள்ளி நிற்கவேண்டும், அதாவது ஐயா பட்டாசலில் உட்கார்ந்திருக்க நான் தார்சாவில் நிற்கவேண்டும். அங்கிருந்து அவரிடம் பேச வேண்டுமானால் சத்தம் போட்டுத்தான் பேசவேண்டும். அதுவரை சுடலைமாடன் கதைப்பாடலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் லென்ஸைத் தூக்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கையை முழங்கால் மேல் வைத்து நிமிர்ந்துவிட்டார். "என்ன செய்யணும்னு சொல்லுங்க தம்பி, அப்படியே இருக்கேன்" என்றார். அந்த நிமிஷத்தோடு அவர் முகம் போய்விட்டது. அன்றைக்கு எடுத்ததெல்லாம் அடையாள அட்டைப் படம்.

போதாததற்கு வாடகைக் கடையில் கொடுத்த அந்த லென்ஸுக்குள் பூஞ்சை. கடையில் பின்பக்கக் கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன், சன்னல் பக்கம் திருப்பினால் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளிறிப்போகிறது. கடைக்காரரிடம் சொன்னதற்கு, போன வாரம் எடுத்துப் போனவர் ஒன்றும் சொல்லவில்லையே என்றார், அரை வாடகையைத் திருப்பித் தந்தார். லென்ஸ் வாடகைக்கு எடுக்கும்போது முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை மொபைல் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் தெரிந்தால் வேண்டாம்.

ஐயாவோடு உட்கார்ந்து பேச யார் வந்தாலும் அவர் எதிரில் ஒரு மர நாற்காலி கிடக்கிறது, அதில்தான் உட்காருவார்கள். அளந்து பார்த்தேன், அவர் முகத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தடி. சரி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்கிற லென்ஸ்தான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முழு அளவு சென்சாரில் 85 எம்எம் போட்டு ஐந்தடியில் உட்கார்ந்தால், கேமராவை நிறுத்திப் பிடிக்கும்போது உயரவாக்கில் இரண்டடி கிடைக்கும். தலை, தோள், கொஞ்சம் நெஞ்சு. ஓவியத்துக்கு அளவெடுத்த மாதிரி.

முழு அளவு சென்சார் உள்ள கேனன் 6டி கேமராவை நண்பரிடம் இரவல் வாங்கினேன், இஎஃப் 85 எம்எம் எஃப்/1.8 யுஎஸ்எம் லென்ஸை செகண்ட் ஹேண்டில் சொந்தமாகவே வாங்கிவிட்டேன். இரண்டும் இன்றைக்குப் பழசு. லென்ஸ் 1992-இல் வந்தது, கேமரா 2012. கேனனின் புதிய வகையான ஆர்எஃப் 85 எஃப்/1.2 நல்ல லென்ஸ்தான், சந்தேகமே இல்லை, ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் விலை, கிலோவுக்கு மேல் கனம், அதன் முழுத் திறப்பு இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

ஏன் தேவையில்லை என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்கள் எல்லாரும் எஃப் எண்ணைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். 85-ஐ ஐந்தடியில் எஃப்/1.8-இல் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். கிட்டத்துக் கண் கூர்மையாக இருக்கும், தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் மறு கண்ணே மங்கிவிடும். கல்யாணப் பெண்ணுக்கு அது அழகு. எழுபத்தைந்து வருஷம் ஏடும் எழுத்தும் பார்த்து இமையோரம் விழுந்த சுருக்கத்தை, நெற்றிக் கோட்டை, காதோர நரையை மங்கலாக்கிவிட்டு என்ன படம் எடுப்பது? எஃப்/4-இல் ஏழரை சென்டிமீட்டர் வரும், எஃப்/5.6-இல் பத்துக்குக் கொஞ்சம் மேல். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய பிடித்துவிடலாம், பின்னால் இருக்கும் புத்தக அலமாரி அப்போதும் மென்மையாகத்தான் இருக்கும். எஃப்/1.8-இல் இந்த லென்ஸ் வெளிச்சமான விளிம்புகளில் ஊதா நிறம் காட்டும் என்பது ஊரறிந்த விஷயம், வெள்ளைச் சட்டைக் காலரில் அது பளிச்சென்று தெரியும். எஃப்/4-க்குப் போனால் அந்தத் தொல்லையும் அநேகமாகப் போய்விடுகிறது.

லென்ஸைக் கையில் பிடித்தால் 425 கிராம், 6டியோடு சேர்த்தாலும் அந்த 70-200-ஐ விடக் குறைவுதான். ஃபோகஸ் சத்தமில்லாமல், சட்டென்று பிடிக்கிறது. ஆட்டோவில் இருக்கும்போதே வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஃபில்டர் அளவு 58, 18-55-இன் மூடியே இதற்கும் பொருந்தியது. குறை என்றால், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி லென்ஸிலும் இல்லை 6டியிலும் இல்லை, அதனால் டிரைபாட் வேண்டும். ஹூட் கூட வராது, தனியாக வாங்கவேண்டும், சன்னல் பக்கத்தில் வேலை என்றால் அதை வாங்கியே ஆகவேண்டும். இரண்டே முக்கால் அடிக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. ஐயா ஓலைச்சுவடியைப் பிடித்திருந்த கைகளை மட்டும் எடுக்க ஆசைப்பட்டபோது 50-ஐத்தான் மாட்டினேன், அது ஒன்றேகால் அடி வரை கிட்டே போகும்.

6டியில் எனக்குப் பிடித்தது அதன் அமைதி ஷட்டர். பேச்சுக்கு நடுவில் அழுத்தினாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 20 மெகாபிக்ஸல், அதாவது நீளம் 5472 அகலம் 3648, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 12×18-க்குச் சரியாக இருக்கிறது. குறை: ஃபோகஸ் புள்ளி பதினொன்று, அதில் நடுப்புள்ளி ஒன்றைத்தான் இருட்டில் நம்பலாம். நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால் ஃபோகஸ் நகர்ந்துவிடுகிறது. லைவ் வியூவில், அதாவது பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறையில், பத்து மடங்கு பெரிதாக்கிக் கண்ணிமையில் கையால் ஃபோகஸ் வைத்தேன், அப்புறம் தொடவே இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேனன் ஆர்பி மாதிரி மிரர்லெஸ் கேமரா வாங்கி அடாப்டரில் இதே லென்ஸைப் போடலாம், அதுதான் என் யோசனை. இன்னொன்று: 700டியின் கேபிள் ரிலீஸ், அதாவது கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கம்பி, 6டியிலும் சேரும், பின் ஒன்றுதான். கேபிள் இருந்தால் கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளிக்காமல் அவர் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே அழுத்தலாம். இந்தப் படத்துக்கு லென்ஸுக்கு அடுத்தபடி உதவியது அந்தக் கேபிள்தான்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். ஐயாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தால் கஷ்டப்படுகிறார். ஃபிளாஷ், குடை எல்லாம் வண்டியிலேயே இருந்துவிட்டன. பட்டாசலில் வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. வடக்குச் சன்னல் என்றால் நேர் வெயிலே வராது, நாள் முழுக்க மெத்தென்ற வெளிச்சம் என்று வெளிநாட்டுப் பாடங்களில் சொல்வார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகைக்குள்ளேயே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. ஆடி மாதம் காலை பத்து மணிக்கு அந்த வடக்குச் சன்னலில் சாய்வாக வெயில் விழுந்துகொண்டிருந்தது, அதுவும் மேகம் ஓட ஓட மாறிக்கொண்டே. ஐயாவின் மனைவி ஆச்சியிடம் ஒரு வெள்ளை வேட்டி கேட்டேன். "எதுக்குப்பா, படம் எடுக்க வேட்டியா?" என்று கேட்டுக்கொண்டே துவைத்து மடித்த எட்டுமுழ வேட்டியைக் கொண்டுவந்து தந்தார்கள். சன்னலில் அதைக் கட்டியதும் சன்னல் முழுக்க ஒரே வெண்மையான விளக்காகிவிட்டது. விலைக்கு வாங்கும் டிஃப்யூசர் எதுவும் இதைவிட அதிகம் செய்யாது.

நிழல் பக்கத்துக்கு ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய தெர்மகோல் அட்டை. பட்டாசல் சுவரில் நீல வண்ணம் அடித்திருந்ததால் அந்தப் பக்கக் கன்னத்தில் நீலம் ஏறியது, அட்டையை நடுவில் வைத்ததும் அது நின்றது. ஐயா கட்டியிருந்த வேட்டியும் கீழிருந்து தாடைக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தது. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், சன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் தோல் நிறம் கெடும். மூக்குக் கண்ணாடியில் சன்னல் தெரிந்தது, அதன் காதுக்கம்பியைப் பின்னால் ஒரு விரல் உயர்த்தி வைத்ததும் போய்விட்டது. கறுத்த முகம், வெள்ளைச் சட்டை என்பதால் கேமரா மீட்டரை நம்பவில்லை. மேனுவலில் சட்டை வெளுத்துப்போகாத எல்லைவரை ஏற்றினேன்: எஃப்/5.6, ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 1600. ரா (RAW) கோப்பாக எடுத்ததால் முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொண்டேன், படம் கெடவில்லை. 700டியில் இந்த ஐஎஸ்ஓவுக்கு நிழலில் பொரிப்பொரியாக வந்திருக்கும்.

அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, போன தடவை பாதியில் நின்ற சொல்லைப் பற்றிக் கேட்டேன். "அதையா இன்னும் நெனைச்சுக்கிட்டு இருக்கீய?" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நான் அழுத்தியது அறுபத்திரண்டு தடவை.

லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது மாணவர்கள் நேராகப் பார்க்கிற படம் ஒன்றைச் சொன்னார்கள், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆச்சி அடுக்களையிலிருந்து வந்து நின்று முழுவதையும் பார்த்துவிட்டு நாற்பத்தோராவது படத்தில் கை வைத்தார்கள். ஐயா ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வாயைப் பாதி திறந்து சன்னல் பக்கம் பார்க்கிற படம். "இப்படித்தான் இருப்பாக, ராத்திரி எழுதும்போது" என்றார்கள். மலருக்கு மாணவர்கள் சொன்னது போயிற்று. 12×18-இல் ஆச்சி சொன்னதைத்தான் அச்சடித்தோம், அது இப்போது அந்தப் பட்டாசலிலேயே மாட்டியிருக்கிறது.