"போல்ட் உக்காந்துடுச்சு சார்" என்பதை நம்பி அலாய் வீல் வாங்காதீர்கள்

சென்னைக் கடை ஒன்றில் பெரிய டயர் மாட்டிய ஹேட்ச்பேக் இது. கம்பெனி டயர் 185/65 ஆர்15, அதாவது அகலம் 185 மி.மீ., பக்க உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச். "அதே 15 இஞ்ச்தான், ஒண்ணும் ஆகாது" என்று 205/65 ஆர்15 டயரும் புது அலாயும் தலையில் கட்டிவிட்டார்கள். ஓஎம்ஆர் சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. முழுசாக ஒடித்தால் டயர் லைனரில் (சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறை) உரசுகிறது. எக்ஸ்சேஞ்சில் போட்ட பழைய ரிம்மைக் கேட்டால், வித்தாச்சு என்கிறார்கள்.

ஸ்டெப்னி கம்பெனி ரிம் என்பதால் ஒப்பிட முடிந்தது. அதன் பின்பக்கம் 5.5ஜே ஈடி45, புதியதில் 7ஜே ஈடி35. ஜே முன்னால் இருப்பது ரிம் அகலம், இஞ்சில். ஈடி என்பது ஆஃப்செட், அதாவது ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பது. அகலம் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மி.மீ. கூடியிருக்கிறது. அதில் பாதி 19. ஆஃப்செட் குறைந்ததில் இன்னொரு 10. ஆக சக்கரம் 29 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கமும் 9 மி.மீ. நெருங்கிவிட்டது. டயர் விட்டமோ 621-லிருந்து 647 மி.மீ. ஆகிவிட்டது. 4 சதவீதத்துக்கு மேல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-இல் ஓடும். 3 சதவீதத்தைத் தாண்டவே கூடாது.

உதறலுக்குக் காரணம் வேறு. ரிம்மின் நடு ஓட்டை 73.1 மி.மீ., அது உட்காரும் வண்டியின் ஹப் (சக்கரம் மாட்டும் மையம்) 54.1 மி.மீ. இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடவே இல்லை. பேலன்சிங் மெஷின் தன் கோனில் (கூம்பு) ரிம்மை மையமாகப் பிடிப்பதால் அங்கே எல்லாம் சரியாகவே காட்டும். வண்டியில் மாட்டினால் மையம் விலகும். இதற்கு அலைன்மென்ட் செய்யச் சொல்லி இரண்டு முறை காசு வாங்கியிருக்கிறார்கள், அதுதான் அநியாயம். அலைன்மென்ட் கோளாறு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். இந்த உதறல் அதில் போகாது.

இத்தனைக்கும் 195/65 ஆர்15 டயர் அந்த 5.5ஜே ரிம்மிலேயே ஏறியிருக்கும். விட்டம் 2 சதவீதம்தான் கூடும். அலாய் செலவே தேவையில்லை.

கடை ஜி.பி. ரோடானாலும் புதுப்பேட்டையானாலும், ரிம்மைத் திருப்பி ஜே, ஈடி, பிசிடி (போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) மூன்றையும் நீங்களே படியுங்கள். நடு ஓட்டையை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். பிசிடி 4x100 வண்டிக்கு 4x98 ரிம்மை "ரெண்டு மில்லிதானே" என்று ஏர் கன்னில் இறுக்குவார்கள். நட் சரியாக உட்காராமல் ஓட்டத்தில் தளரும், நட் ஏறும் ஸ்டட்டும் முறியலாம். அப்படி மாட்டியிருந்தால் அந்த வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். நட்டின் அடிப்பகுதி கோனா, உருண்டையா என்பதும் ரிம்முக்கு ஒத்துப்போக வேண்டும்.

அளவுகளை பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்டீயரிங்கை முழு லாக்கில் திருப்பி, நாலு பேர் ஏறி ஸ்பீடு பிரேக்கரில் இறக்கி, 80-இல் ஓட்டிப் பார்க்கும்வரை பழைய ரிம்மைக் கடையில் விடாதீர்கள்.