ஏசியில் ஐஸ் கட்டுதா? காஸ் அடிக்கக் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மார்ச் வெக்கையில் ஒரு இரவு படுக்கையறை ஏசியில் சத்தம் மட்டும் வருகிறது, காற்றைக் காணோம், கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ். அப்படியே விடியும்வரை ஓடவிட்டேன், அது என் மடத்தனம்.

காலையில் ஒரு கடையில் சொல்லி ஆள் வந்தார். ஐஸ் இருக்கும்போதே வெளிப் பெட்டியில் கேஜைக் கொழுவி, "அண்ணா, பிரஷர் இறங்கிக் கிடக்கு, காஸ் இல்லை" என்றார். கடற்காற்றில் குழாய் அரிப்பது நடக்கிற விஷயம்தான், அதனால் நம்பிவிட்டேன். பில்டரைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் 14,500 ரூபாய். பில் பிறகு அனுப்புகிறேன் என்றார், இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

ஒன்பதாம் நாள் திரும்பவும் ஐஸ். அதே ஆள், அதே கேஜ், இந்த முறை "கொம்பிரசர் வீக், மாற்ற 65,000 ஆகும், இப்போதைக்குக் காஸ் அடித்துப் பார்ப்போம்". இன்னொரு 14,500. மனுசி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும்.

மூன்றாம் தடவை ஐஸ் கட்டியபோது அலுவலக நண்பர் வேறொருவரை அனுப்பினார். அவர் கேஜைத் தொடவே இல்லை. விசிறியை மட்டும் ஓடவிட்டு ஐஸ் முழுக்க உருகும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தார், அப்புறம் டோர்ச் அடித்து உள்ளே உருளை மாதிரி நீளமாகச் சுற்றும் விசிறியைக் காட்டினார். இதழ்களுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. கொயில், அதாவது காற்றைக் குளிராக்கும் குழாய்ச் சுருள், சாதாரணமாக பூச்சியத்துக்குச் சில பாகை மேலேதான் இருக்கும், ஆனால் அறையின் சூடான காற்று அதற்கு மேல் போதுமான அளவு போகாவிட்டால் குளிர் 0 பாகைக்குக் கீழே இறங்கி, கொழும்புக் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் அதிலேயே உறைந்துவிடும், உறைந்த ஐஸ் மிச்சக் காற்றையும் அடைக்கும். அந்த நிலையில் காஸ் சரியாக இருந்தாலும் பிரஷர் குறைவாகத்தான் காட்டுமாம். ஐஸ் இருக்கும்போதே கேஜ் வைத்துக் காஸ் இல்லை என்று சொன்ன கதை இதுதான்.

காஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், அது உண்மை. ஆனால் அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ லீக். சவர்க்கார நுரை தடவியாவது இடத்தைப் பிடித்து அடைத்து, வக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), மெஷின் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத் தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். லீக் தேடாமல் "டொப் அப்" என்று யாராவது சொன்னால் படலையைக் காட்டுங்கள்.

என் மெஷினின் ஸ்டிக்கரில் காஸ் வகை ஆர்32, அளவு 700 கிராம். நண்பர் அனுப்பியவர் காஸை சிலிண்டருக்கு எடுத்து நிறுத்தால் 1,090 கிராம்! லீக்கே இல்லை. அந்த விசிறியை பாத்ரூம் நிறையக் கறுப்புத் தண்ணீர் ஓடக் கழுவி, 700 கிராமைத் திருப்பி அடித்து, மொத்தம் 11,000 வாங்கினார், கையோடு பில்லும் தந்தார்.

நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்றார்கள், ஆனால் முதல் ஆளின் பில் ஒரு துண்டும் என்னிடம் இல்லை. அவருக்கே கோல் எடுத்துக் காசைக் கேட்டேன். "அடித்த காஸைத் திருப்பி எடுக்க ஏலுமா அண்ணா?" என்றார். எடுத்தாச்சு தம்பி, 390 கிராம் என்றேன். கட் பண்ணிவிட்டார்.